சாட்சி சொல்ல ஓர் அவை: டேனியல் இனோவேயின் வாழ்வும் அரசியலும்

போர்க்களத்திலிருந்து திரும்பி அரசியலில் புகுந்தவர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. அவர்களுள் பலருக்குக் களத்தில் பெற்ற புகழே அரசியலின் முதலாகவும் முடிவாகவும் அமைந்துவிடுகிறது. ஹவாய்த் தீவுகளின் அரசியலில் அரை நூற்றாண்டுக்கு மேலாக முன்னணியில் நின்ற டேனியல் கென் இனோவேயும் போர்வீரராக இருந்து தலைவரானவரே. வலக்கையைப் போருக்குக் கொடுத்தவர் அவர். ஆயினும் அவரை நினைவுகூர்வதற்கு அந்த வீரம் மட்டும் காரணமன்று. அநீதிக்கு ஆளானவர்கள் வாய்திறந்து பேச ஓர் அவை வேண்டும். அவர்கள் பேச்சு அரசின் ஏட்டில் ஏற வேண்டும். ஏனைய பரிகாரங்கள் அதன் பின்னரே நிலைபெறும் என்பது அவருடைய பொதுவாழ்வின் சாரமாக விளங்கியது. அந்த எண்ணம் எங்கே வேர்கொண்டது, எதைச் சாதித்தது, எங்கே தவறியது என்று காண்பது சொல்லையே கருவியாகக் கொண்டவர்களுக்குப் பெரிதும் பொருந்தும்.

தோட்டத் தொழிலாளியின் பேரன்

ஹவாய் ஒரு காலத்தில் தனி முடியரசு. 1893ஆம் ஆண்டில் அரசி லிலியுவோகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1898இல் அமெரிக்கா அத்தீவுகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. கரும்புத் தோட்ட முதலாளிகளின் கையிலேயே நிலமும் அதிகாரமும் இருந்தன. அத்தோட்டங்களுக்குச் சீனா, ஜப்பான், போர்ச்சுக்கல், கொரியா, பிலிப்பைன்ஸ் நாடுகளிலிருந்து கூலிகள் கப்பலேற்றப்பட்டனர்.

அவ்வாறு 1899இல் ஜப்பானிலிருந்து வந்தவர் இனோவேயின் பாட்டனார் அசாகிச்சி. அவர் வீட்டில் பற்றிய தீ அண்டை வீடுகளையும் எரித்துவிட, அந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டிய 400 டாலர் கடன் குடும்பத்தின் தலைமேல் விழுந்தது. கடனை அடைத்துவிட்டு ஊர் திரும்பலாம் என்ற எண்ணத்தோடு கவாய்த் தீவின் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கூலியில் மிச்சம் பிடித்துக் கடனை அடைத்து முடிக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. அதற்குள் அவர் பிள்ளைகளுக்கு ஹவாயே ஊராகிவிட்டது.

1924 செப்டம்பர் 7ஆம் நாள் ஹொனலுலுவில் டேனியல் பிறந்தார். அவருடைய தாயார் இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். முதலில் ஹவாய்ப் பழங்குடிக் குடும்பம் ஒன்றும், பின்னர் ஒரு மெதடிஸ்ட் பாதிரியாரும் அவரை வளர்த்தனர். அந்தப் பாதிரியாரின் பெயரே மகனுக்கு இடப்பட்டது. ஹவாய் மக்களுக்குப் பட்ட நன்றிக்கடனை மறவாதே என்று தாயார் சொல்லி வளர்த்ததை இனோவே பிற்காலத்தில் பலமுறை குறிப்பிட்டிருக்கிறார்.

அவர் பிறந்த அதே 1924இல்தான் ஹவாயில் ஆங்கிலத் தரப் பள்ளிகள் என்பவை தோன்றின. ஆங்கிலம் பேசும் முறையைச் சோதித்து மாணவரைச் சேர்க்கும் பள்ளிகள் அவை. தோட்டங்களில் பல மொழிகள் கலந்து உருவான பேச்சைப் பேசிய பிள்ளைகளுக்கு அங்கே பெரும்பாலும் இடம் கிடைக்கவில்லை. நிறத்தின் பெயரால் வெளிப்படையாகச் செய்ய முடியாத பாகுபாட்டை மொழியின் பெயரால் செய்துகொள்ள வழி கிடைத்தது. இனோவே படித்தது ஜப்பானியப் பிள்ளைகள் நிறைந்த மெக்கின்லி உயர்நிலைப் பள்ளியில்.

முள்வேலியின் முன்னே

1941 டிசம்பர் 7 அன்று ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. முதலுதவிப் பயிற்சி பெற்றிருந்த பதினேழு வயது இனோவே காயம்பட்டவர்களுக்கு உதவ ஓடினார். சில வாரங்களில் அவரும் அவரைப் போன்றோரும் தங்கள் நாட்டிலேயே ஐயத்துக்குரியவர்களாயினர். ஹவாயில் பிறந்து அமெரிக்கக் குடிமக்களாக இருந்தும், இராணுவ அழைப்புப் பட்டியலில் அவர்கள் அயலாருக்குரிய வகையில் சேர்க்கப்பட்டனர். அமெரிக்காவின் மேற்குக் கரையிலோ நிலைமை இன்னும் கொடிது. 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையின் விளைவாக ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடும் கடையும் நிலமும் விட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் குடிமக்கள். ஹவாயில் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் ஜப்பானியராக இருந்தமையால், அவர்களை அடைத்துவிட்டால் தீவே இயங்காது என்ற நடைமுறைக் காரணம் அங்குள்ளோரைப் பெருமளவு காத்தது.

1943இல் ஜப்பானிய வம்சாவளி இளைஞர்களைக் கொண்டு 442ஆம் படையணி அமைக்கப்பட்டது. ஹவாயிலிருந்து 1,500 தொண்டர்களைக் கேட்டபோது ஏறத்தாழ 10,000 பேர் முன்வந்தனர். மருத்துவம் படிக்க எண்ணியிருந்த இனோவே கல்லூரியை விட்டு அதில் சேர்ந்தார்.

மிசிசிப்பியில் பயிற்சி நடந்தபோது ஹவாய் இளைஞர்களுக்கும் பெருநிலத்து இளைஞர்களுக்கும் ஒத்துவரவில்லை, அடிதடிகூட நடந்தது. ஒருநாள் ஹவாய்ப் படையினர் சிலரை அருகிலிருந்த ஆர்கன்சா மாநிலத்துக்கு விருந்தினராக அழைத்துச் சென்றார்கள். பாட்டும் கூத்துமாகப் புறப்பட்டவர்கள் சென்று சேர்ந்த இடத்தில் முள்வேலியும் காவல் கோபுரமும் துப்பாக்கி ஏந்திய காவலரும் இருந்தனர். உள்ளே இருந்தவர்கள் தங்களோடு பயிற்சி பெறும் தோழர்களின் தாய் தந்தையர். திரும்பும் வழியில் எவரும் பாடவில்லை. இந்த முகாமுக்குள் இருந்திருந்தால் தாம் படையில் சேர முன்வந்திருப்போமா என்ற கேள்வி அன்று தமக்கு எழுந்ததாகவும், ஆம் என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்றும் இனோவே முதுமையிலும் கூறிவந்தார்.

வலக்கை

1945 ஏப்ரல் 21. இத்தாலியின் வடபகுதியில் சான் தெரென்சோ என்னும் ஊரருகே ஒரு மலைமுகட்டைக் கைப்பற்றும் பணி. இரண்டாம் லெப்டினன்டாக உயர்ந்திருந்த இனோவே தம் குழுவை நடத்திச் சென்றார். வயிற்றில் குண்டு பாய்ந்த பின்னும் எதிரியின் இயந்திரத் துப்பாக்கி நிலைகளை நோக்கி முன்னேறினார். கையெறி குண்டை வீச ஓங்கிய வேளையில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஏவப்பட்ட குண்டு அவருடைய வலக்கையைச் சிதைத்தது. உணர்விழந்த அந்தக் கையின் பிடியில் உயிருள்ள குண்டு இன்னும் இருந்தது. அதை இடக்கையால் பிடுங்கி எறிந்து, மறுபடியும் முன்னேறினார். இத்தாலியில் போர் ஓய்வதற்குப் பதினொரு நாட்களே இருந்தன.

மருத்துவமனைகளில் ஏறத்தாழ இருபது மாதங்கள் கழிந்தன. மிச்சிகனில் இருந்த இராணுவ மருத்துவமனையில் அவரோடு சிகிச்சை பெற்ற மற்றொருவர் பாப் டோல். சட்டம் படித்துச் சட்டமன்றம் வழியே காங்கிரசுக்குச் செல்வது டோலின் திட்டம். கையின்றி அறுவை மருத்துவராக முடியாத இனோவே அந்தத் திட்டத்தைத் தமக்கும் எடுத்துக்கொண்டார். டோலுக்கு முன்னரே காங்கிரசை அடைந்தார். பிற்காலத்தில் எதிரெதிர்க் கட்சிகளில் இருந்தபோதும் இருவர் நட்பும் குறையவில்லை.

வீடு திரும்பும் வழியில் சான் பிரான்சிஸ்கோ அருகே முடிதிருத்தும் கடை ஒன்றில் நுழைந்தார். அதிகாரிக்குரிய சீருடை, மார்பில் பதக்கங்கள், வலக்கை இருந்த இடத்தில் கொக்கி. ஜப்பானியருக்கு இங்கே முடிவெட்டுவதில்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

தீவு மாநிலமான கதை

போருக்குப் பின் திரும்பிய இளைஞர்கள் அரசு உதவியால் கல்லூரிப் படிப்பை முடித்தனர். முன்னாள் காவல் அதிகாரி ஜான் பர்ன்ஸ் இவர்களையும் தொழிற்சங்கத்தாரையும் ஜனநாயகக் கட்சியில் ஒன்றுசேர்த்தார். 1954 தேர்தலில் தோட்ட முதலாளிகளின் ஆதரவு பெற்ற குடியரசுக் கட்சியின் நீண்ட ஆதிக்கம் சரிந்தது. அத்தேர்தலில் வென்ற இனோவே பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவரானார். கூலிகளின் பேரப்பிள்ளைகள் சட்டம் இயற்றும் இடத்துக்கு வந்தனர்.

1959 ஆகஸ்ட் 21 அன்று ஹவாய் ஐம்பதாவது மாநிலமாயிற்று. ஆசிய முகங்கள் காங்கிரசில் அமர்வதா என்ற வெறுப்பும் அதுவரை அதைத் தாமதப்படுத்திய காரணங்களுள் ஒன்று. புதிய மாநிலத்தின் முதல் பிரதிநிதியாக இனோவே வாஷிங்டன் சென்றார். வலக்கையை உயர்த்தி உறுதிமொழி சொல்லுமாறு அவைத்தலைவர் சாம் ரேபர்ன் வழக்கம்போல் கூற, புதிய உறுப்பினர் இடக்கையை உயர்த்தினார். அவையின் முணுமுணுப்பு அடங்கியதாக உடனிருந்த உறுப்பினர் ஒருவர் பதிவுசெய்துள்ளார். 1962இல் செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1963 முதல் இறக்கும் வரை அங்கே இருந்தார்.

1973இல் வாட்டர்கேட் விசாரணைக் குழுவின் உறுப்பினராக அவரை நாடே தொலைக்காட்சியில் கண்டது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒருவர் அவரை ஜப்பானியரை இழித்துரைக்கும் சொல்லால் சுட்டினார். அதிகாரத்தின் உச்சியில் இருப்போரையும் மக்கள் முன் நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்பதை அந்த விசாரணை காட்டியது. 1987இல் ஈரான்–காண்ட்ரா விவகாரத்தை விசாரித்த செனட் குழுவுக்கு அவரே தலைவரானார்.

முதலில் உண்மை

முகாம்களில் அடைக்கப்பட்டோருக்கு நீதி வேண்டும் என்ற குரல் 1970களில் வலுத்தது. 1979இல் அச்சமூகத்தின் தலைவர்கள் இனோவேயை அணுகியபோது, உடனடியாக இழப்பீட்டு மசோதா கொண்டுவருவதை அவர் ஆதரிக்கவில்லை. நடந்தது என்ன என்பதைப் பெரும்பாலான அமெரிக்கர்கள் அறியார். ஆகவே முதலில் ஒரு விசாரணை ஆணையம் அமைய வேண்டும் என்றார். இந்த யோசனை கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. முதியோர் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கையில் இது காலம் கடத்தும் வேலை என்று பலர் சினந்தனர். அந்தச் சினத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

1980இல் ஆணையம் அமைந்தது. 1981இல் பல நகரங்களில் அது கூடியபோது 750க்கு மேற்பட்டோர் சாட்சி சொன்னார்கள். நாற்பது ஆண்டுகளாகத் தம் பிள்ளைகளிடம்கூட முகாமைப் பற்றிப் பேசாதிருந்தவர்கள் அவர்களுள் பலர். அவமானம் என்று எண்ணி உள்ளே புதைத்திருந்ததை ஒலிபெருக்கியின் முன் சொன்னார்கள், அழுதார்கள், அவர்தம் பிள்ளைகள் பெற்றோரின் இளமையை முதன்முறையாக அறிந்தார்கள். இராணுவத் தேவை அந்தச் செயலை நியாயப்படுத்தவில்லை. இனவெறுப்பும் போர்க்கால வெறியும் அரசியல் தலைமையின் தோல்வியுமே காரணம் என்று ஆணையம் முடிவுகூறியது. அந்த ஏட்டின் வலிமையில்தான் 1988 ஆகஸ்ட் 10 அன்று அதிபர் ரீகன் கையொப்பமிட்ட சட்டம் பிறந்தது. அரசு மன்னிப்புக் கேட்டது; உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்க இசைந்தது.

சட்டம் வந்தும் பணம் வரவில்லை. ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திராமல் அதைக் கட்டாயச் செலவாக மாற்றும் ஏற்பாட்டை 1989இல் செனட்டில் முன்வைத்து நிறைவேற்றியவர் இனோவே. 1990 அக்டோபரில் மிக மூத்தவர்களுக்கு முதலில் வழங்கப்பட்டது. முகாமில் அடைபடாத இனோவேக்கு அதில் ஒரு காசும் இல்லை.

மொழிகளுக்கு ஒரு சட்டம்

தாயார் நினைவூட்டிய கடனும் இருந்தது. செனட்டின் பழங்குடியினர் விவகாரக் குழுவுக்கு 1987 முதல் அவர் தலைவராக இருந்தார். அவர் கொண்டுவந்த மசோதாக்களுள் ஒன்று 1990 அக்டோபரில் சட்டமான பூர்வகுடி அமெரிக்கர் மொழிகள் சட்டம். பூர்வகுடிப் பிள்ளைகளின் மொழியைப் பள்ளிகளில் அடக்கி ஒடுக்கிய நீண்ட வரலாற்றுக்குப் பின், அம்மொழிகளைப் பேணவும் வளர்க்கவும் அம்மக்களுக்குள்ள உரிமையை அது நாட்டின் கொள்கையாக அறிவித்தது. 1992இல் அதற்கு நிதியுதவித் திட்டமும் சேர்ந்தது.

ஹவாய் மொழிக்கு இதன் பொருள் பெரிது. 1896ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பள்ளிகளில் பயிற்றுமொழி என்ற நிலையிலிருந்து வெளியேற்றியிருந்தது. 1978இல் அது மாநிலத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. 1984இல் ஹவாய் மொழியிலேயே நடக்கும் மழலையர் பள்ளிகளைப் பெற்றோரும் ஆசிரியர்களும் தொடங்கினர். மொழியை மீட்டவர்கள் அவர்களே. மீட்ட மொழி நிலைக்கச் சட்டத்தின் துணையைத் தேடித் தந்தது இனோவேயின் பங்கு. ஹவாய் மாநிலமானதையே அநீதியின் தொடர்ச்சியாகக் கருதும் பூர்வகுடியினரும் உளர். அவர்கள் இனோவேயோடு உடன்பட்டதில்லை.

கூடாத அவை

புகழுரை மட்டும் வரலாறாகாது. 1992ஆம் ஆண்டுத் தேர்தலின்போது பெண் ஒருவர் இனோவே மீது பாலியல் அத்துமீறல் குற்றம் கூறியது வெளிவந்தது. அவருடைய சம்மதமின்றிப் பதிவுசெய்யப்பட்ட பேச்சை எதிர் வேட்பாளர் விளம்பரத்தில் பயன்படுத்தினார். இனோவே குற்றச்சாட்டை மறுத்தார்; தேர்தலில் வென்றார். வேறு ஒன்பது பெண்களும் தம்மிடம் முறையிட்டதாக மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கூறினார். அவர்கள் எவரும் வெளிப்படையாக முன்வராததால் செனட் ஒழுக்கக் குழு விசாரணையைக் கைவிட்டது.

உண்மை அவையில் உரைக்கப்பட வேண்டும் என்று வாழ்ந்தவரின் வாழ்வில் இந்த ஒன்று எந்த அவையிலும் உரைக்கப்படவில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்படவுமில்லை, பொய்யென்று நிறுவப்படவுமில்லை. முகாமில் இருந்தவர்களுக்கு நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அவர்களுக்குத் துணையாக ஓர் ஆணையம் இருந்தது. செல்வாக்கு மிக்க ஒருவரை எதிர்த்துப் பேச அந்தப் பெண்களுக்கு அத்தகைய துணை இல்லை. அவருடைய கொள்கையைக் கொண்டே அவரை அளந்தால் இந்த இடம் வெறுமையாகவே நிற்கிறது.

2000 ஜூன் 21 அன்று ஆசிய வம்சாவளி வீரர்கள் 22 பேருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த போர்விருது வழங்கப்பட்டது. 55 ஆண்டுகள் தாமதமாக வந்த அந்த விருதைப் பெற்றவர்களுள் இனோவேயும் ஒருவர். 2012 டிசம்பர் 17 அன்று தமது 88ஆம் வயதில் அவர் காலமானார். அப்போது அவர் செனட்டின் மிக மூத்த உறுப்பினர். அவருடைய கடைசிச் சொல் "அலோஹா" என்று அவர் அலுவலகம் அறிவித்தது. அன்பையும் வரவேற்பையும் விடைபெறுதலையும் ஒருங்கே குறிக்கும் ஹவாய் மொழிச் சொல் அது.

அவர் கைப்பற்றிய மலைமுகடு இன்று போர் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பு. அந்த 750 பேரின் சாட்சியங்களோ பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கொண்டு நாவல்களும் கவிதைகளும் ஆய்வுகளும் எழுதப்படுகின்றன. தம் மக்கள் அடைந்த துயரைத் தாமே சொல்லி வைத்ததால், அது நடக்கவில்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது.