உறுதியும் உரிமையும்: நேற்றிக் ஊரின் காணிக் கைமாற்றங்கள் (1651 - 1781)

வட அமெரிக்காவிற் குடியேறிய ஆங்கிலேயர் அந்நாட்டுப் பழங்குடி மக்களின் நிலத்தை எவ்வாறு தமதாக்கினர் என்னும் வினாவுக்குப் போர் என்பதே பொதுவாகத் தரப்படும் விடையாகும். அவ்விடை தவறானதன்று, ஆயின் முழுமையானதுமன்று. மசச்சூசெற்ஸ் மாநிலத்தில், பொஸ்ரன் நகருக்கு மேற்கே, சாள்ஸ் ஆற்றங்கரையில் அமைந்துள்ள நேற்றிக் என்னும் சிற்றூரின் காணி வரலாற்றை நோக்குமிடத்து, போர் ஓய்ந்த பின்னரும் சட்டத்தின் வழியாகவும் கடனின் வழியாகவும் நிலம் கைமாறி வந்தமை புலனாகும்.

இவ்வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு நிலம் பற்றிய இருவேறு கருத்துக்களை முதலில் அறிதல் வேண்டும். நியூ இங்கிலாந்தின் அல்கொங்கியன் மொழி பேசிய மக்களிடையே உரிமை என்பது பெரும்பாலும் பயன்பாட்டைச் சார்ந்தது. ஒரு குடும்பம் சோளம் பயிரிடும் வரை அவ்வயல் அக்குடும்பத்திற்குரியது. மீன்பிடித் துறைகளிலும் வேட்டைக் காடுகளிலும் பலர் வெவ்வேறு பருவங்களில் வெவ்வேறு உரிமைகளைக் கொண்டிருந்தனர். வில்லியம் குரோனன் 1983இல் வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆங்கிலேயரின் முறையோ அளந்து, எல்லையிட்டு, உறுதி எழுதி, பரம்பரையாக ஆளும் முறையாகும். 1634இலேயே மசச்சூசெற்ஸின் சட்டசபையாக விளங்கிய பொதுமன்று, தன் அனுமதியின்றி எவரும் பழங்குடியினரிடம் நிலம் வாங்கலாகாது என விதித்தது. 1640இல் காணிக் கைமாற்றங்கள் பதியப்படுதல் வேண்டும் என்னும் விதியும் பிறந்தது. இவற்றின் விளைவாக, எது செல்லுபடியாகும் உரிமை என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் குடியேற்ற அரசின் கைக்குச் சென்றது.

1636இல் டெடம் என்னும் ஊரை நிறுவிய ஆங்கிலேயருக்குப் பொதுமன்று ஏறத்தாழ 200 சதுர மைல் பரப்பை வழங்கியது. அவர்கள் மணமானவர்க்கு 12 ஏக்கரும் மணமாகாதவர்க்கு 8 ஏக்கரும் வீட்டுக் காணியாகப் பகிர்ந்துகொண்டு, எஞ்சிய பெரும்பரப்பைப் பிற்காலப் பங்கீட்டிற்கென வைத்திருந்தனர். இப்பரப்பினுள்ளேயே 1651இல் நேற்றிக் உருவாகியது. பழங்குடியினரிடையே அவர்தம் மொழியிற் சமயம் போதித்து வந்த ஜோன் எலியற் என்பார், மதம் மாறியோரை அங்குக் குடியமர்த்தினார். ஆற்றின் ஒரு கரையில் இரு தெருக்களும் மறு கரையில் ஒரு தெருவும் அமைந்தன. இரு கரைகளையும் ஒரு நடைபாலம் இணைத்தது. குடும்பங்களுக்கு வீட்டுக் காணிகள் பகிரப்பட்டன.

தம் பரப்பிலே பிறர் குடியமர்ந்ததை டெடம் மக்கள் ஏற்கவில்லை. பல ஆண்டுகள் நீண்ட வழக்கின் முடிவில், 1660களின் தொடக்கத்தில், பொதுமன்று விசித்திரமானதொரு தீர்ப்பை அளித்தது. சட்டப்படி உரிமை டெடத்துக்கே என அது ஏற்றுக்கொண்டது. ஆயினும் பழங்குடியினரின் பூர்வீக உரிமை முற்றாக அழிந்துவிடவில்லை என்றும், அவர்கள் நிலத்தைத் திருத்திப் பயிரிட்டுள்ளனர் என்றும் கூறி, அவர்களை அங்கேயே இருக்கவிட்டது. பூர்வீக உரிமையைக் குடியேற்ற அரசு தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட அரிய சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்றாகும்.

எனினும் அந்நீதிக்கான விலையைச் செலுத்தியவர்கள் வேறொரு பழங்குடியினரே. டெடத்துக்கு நட்டஈடாக வேறிடத்தில் 8,000 ஏக்கர் வழங்கப்பட்டது. கொனற்றிக்கட் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்த பொக்கம்ரக் மக்களின் வளமான நிலம் அதற்கெனத் தெரிவுசெய்யப்பட்டது. மோஹோக் இனத்தவருடன் நிகழ்ந்த போரினால் அம்மக்கள் அப்போது நலிவுற்றிருந்தனர். 1667இல் சோக் என்னும் தலைவர் எழுதிக்கொடுத்த உறுதியை டெடத்தின் சார்பில் ஜோன் பிஞ்சன் பெற்றார். ஆறுகளில் மீன்பிடிக்கவும், பொதுநிலத்தில் மான் வேட்டையாடவும், கொட்டைகள் பொறுக்கவும் தம் மக்களுக்குள்ள உரிமையை அவ்வுறுதியிலே சோக் ஒதுக்கி வைத்திருந்தமை கவனத்திற்குரியது. நிலத்தை விற்றபோதும் அதன் பயன்பாட்டை முற்றாகத் துறக்க அவர் எண்ணவில்லை. டெடத்தின் பங்காளர்களோ பெரும்பாலும் அங்குச் சென்று குடியேறாது தம் பங்குகளைப் பிறருக்கு விற்றுவிட்டனர். வாழ்விடமாக இருந்த நிலம் இவ்வாறு வாணிபப் பண்டமாயிற்று. அங்கெழுந்த ஊரே டியர்பீல்ட்.

1675இல் மெற்றகொம் என்னும் வம்பனோக் தலைவரின் தலைமையிற் போர் மூண்டது. நேற்றிக் மக்கள் ஆங்கிலேயரின் சமயத்தைத் தழுவியிருந்தும் ஐயத்துக்குள்ளாகி, பொஸ்ரன் துறைமுகத்திலுள்ள மான் தீவிற் சிறைவைக்கப்பட்டனர். குளிராலும் பசியாலும் பலர் மாண்டனர். எஞ்சியோர் ஊர் திரும்பி மீண்டும் பயிரிடத் தொடங்கினர்.

ஊரின் நிலம் பெருமளவிற் கைமாறியது அதன் பின்னரேயாகும். 1719இல் நேற்றிக்கின் காணி உரிமையாளர் யாவர் என்பது வரையறுக்கப்பட்டது. பொதுநிலம் படிப்படியாகத் தனியார் பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. தனியொருவரின் பெயரிலுள்ள காணி கடனுக்கு ஈடாகத்தக்கது, விற்கத்தக்கது. அனுமதியின்றி நிலம் வாங்கலாகாது என்ற பழைய விதி நடைமுறையில் இருந்தமையால், விற்க விரும்பியோர் பொதுமன்றுக்கு மனுச் செய்தனர். அம்மனுக்கள் கூறும் காரணங்கள் உருக்கமானவை: மருத்துவச் செலவு, முதுமைக்காலப் பராமரிப்பு, பழைய கடன். சிலர் ஏரும் எருதும் வாங்கி மிகுதி நிலத்தைத் திருத்துவதற்காகவே ஒரு பகுதியை விற்றனர். பேரரசுப் போர்களில் ஆண்கள் மடிந்ததால் விதவைகளும் விற்க நேர்ந்தது. மனுக்களுக்கு அனுமதி கிடைத்தது. காவலாக இயற்றப்பட்ட விதி விற்பனைக்குரிய வாயிலாயிற்று. 1746இல் பாதுகாவலர் நியமிக்கப்பட்ட பின்னரும் இப்போக்கு நிற்கவில்லை.

ஜீன் ஓபிறையன் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதனைப் படிப்படியான உடைமை இழப்பு என விளக்குகின்றது. ஒவ்வொரு கைமாற்றமும் தனித்து நோக்கும்போது நியாயமானதாகவும், விற்பவரின் விருப்பத்துக்கு இணங்கியதாகவும் தோன்றும். ஆனால் கடன்பட்டவன் விற்பதும் கடன் கொடுத்தவன் வாங்குவதும் சமமான இருவரின் செயல்களல்ல. சந்தையின் விதிகளையும் நீதிமன்றின் மொழியையும் வகுத்தவர்கள் ஆங்கிலேயரே. 1781இல் நேற்றிக் ஏனைய ஊர்களைப் போன்றதொரு நகராகச் சட்டப்படி அமைக்கப்பட்டபோது, அதன் நிலத்தின் பெரும்பகுதி ஆங்கிலேய வழியினரிடம் இருந்தது.

ஆயினும் நிலம் இழந்தோர் மறைந்துவிட்டனர் எனக் கொள்வது பிழையாகும். அவர்கள் கூலியாட்களாகவும் கைவினைஞராகவும் அயலூர்களிற் பரவி வாழ்ந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் உள்ளனர். காணிப் பதிவேட்டிலிருந்து ஒருவரின் பெயர் நீங்குவதை அவரே வரலாற்றிலிருந்து நீங்கியதாகக் கருதும் வழக்கம் அப்பதிவேட்டை எழுதியவர்களின் நோக்கிலிருந்து பிறந்ததாகும். உறுதிகளை ஆதாரமாகக் கொள்ளும் வரலாற்று மாணவன், அவை எவருடைய மொழியில், எந்நெருக்கடியில் எழுதப்பட்டன என்பதையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும்.