மகாராணி அழுத்திய பொத்தான்

பனி நிலைமை மோசம், முன்னணி முகாமை நேற்றுக் கைவிட்டாயிற்று, சீரடையக் காத்திருக்கிறோம். 1953 மே மாத இறுதியில் எவரெஸ்ட் அடிவாரத்திலிருந்து இந்தப் பொருளில் ஒரு செய்தி கிளம்பியது. நாம்சே பஜார் வரைக்கும் கால்நடையாகப் போய், அங்கே இந்தியப் போலீஸ் சாவடியில் இருந்த வானொலிக் கருவி வழியாகக் காட்மாண்டுவை அடைந்து, லண்டன் போய்ச் சேர்ந்தது. நடுவில் யார் படித்திருந்தாலும் ஐயோ பாவம் என்றுதான் நினைத்திருப்பார்கள். ‘தி டைம்ஸ்’ அலுவலகத்தில் மட்டும் அதற்கு வேறு பொருள். பனி மோசம் என்றால் சிகரம் தொட்டாயிற்று. கைவிட்ட முகாம் ஹிலாரி, காத்திருப்பது டென்சிங். ஜூன் 2, எலிசபெத்தின் முடிசூட்டு நாளன்று, அந்தச் செய்தி வெளியானது. அனுப்பியவர் 26 வயது நிருபர் ஜேம்ஸ் மாரிஸ்.

தகவல் பாதுகாப்பில் பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் இதை நான் ரசிப்பதுண்டு. பூட்டைக் கண்டால் திருடனுக்கு ஆசை வரும். மாரிஸ் பூட்டே போடாமல் அனுப்பினார்.

அந்த ஜேம்ஸ் 1972இல் காசாபிளாங்காவில் பால்மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஜேன் மாரிஸ் ஆனார். இரண்டாண்டு கழித்து அதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். ஆங்கிலத்தில் இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எந்த வருடம் வரை ‘அவன்’, எப்போதிலிருந்து ‘அவள்’ என்று திண்டாடுவார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை, முதலிலிருந்தே அவர்தான். 1949இல் மணந்த எலிசபெத்தை, இரண்டு பெண்கள் மணவாழ்வில் இருக்கச் சட்டம் இடம் தராததால், விவாகரத்து செய்ய வேண்டியிருந்தது. ஆனாலும் இருவரும் ஒரே வீட்டில்தான் வாழ்ந்தார்கள். 2008இல் பதிவுத் துணைவர்களாக மறுபடி கையெழுத்திட்டார்கள்.

‘பயண எழுத்தாளர்’ என்ற பட்டம் அவருக்குப் பிடிக்காது. தான் எழுதுவது பயணத்தை அல்ல, இடங்களை என்பார். வெனிஸ், ஹாங்காங், சிட்னி என்று பல ஊர்களுக்குத் தனித்தனி நூல் உண்டு. ‘ஹாவ்’ என்று இல்லாத ஊர் ஒன்றுக்கும் நாவல் எழுதினார், அங்கே எப்படிப் போவது என்று விசாரித்த வாசகர்கள் இருந்தார்கள். ஆனால் கார்டிஃபில் முதுகலை படித்த காலத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது அவருடைய பிரிட்டிஷ் பேரரசு வரலாறுதான். மூன்று பாகங்கள். நடுப்பாகமான ‘பாக்ஸ் பிரிட்டானிக்கா’ 1968இல் முதலில் வந்தது. முதற்பாகம் 1973இல், மூன்றாம் பாகம் 1978இல். 

‘பாக்ஸ் பிரிட்டானிக்கா’ 1897 ஜூன் 22 காலையில் தொடங்குகிறது. விக்டோரியா மகாராணி பக்கிங்காம் அரண்மனையில் ஒரு பொத்தானை அழுத்துகிறார், அவருடைய வாழ்த்துச் செய்தி தந்திக் கம்பிகளில் ஏறிப் பேரரசின் மூலைமுடுக்கெல்லாம் போகிறது. பேரரசு என்பதே ஒரு வலைப்பின்னல் என்று வேறு எந்த வரலாற்று நூலும் எனக்கு இப்படிப் புரியவைத்ததில்லை. கடலடிக் கம்பி, கப்பலுக்கு நிலக்கரி நிரப்பும் துறைமுகம், ரயில் நிலையம், மலை வாசஸ்தலம், கிளப் எல்லாவற்றையும் அவர் தொட்டுத் தடவி எழுதுகிறார். ஆவணக் காப்பகத்தில் மட்டும் உட்கார்ந்து எழுதிய பக்கங்கள் அல்ல, அந்தக் கட்டடத்தின் படிகளில் ஏறி இறங்கியவர் எழுதியவை.

சங்கடமும் அங்கேயேதான் இருக்கிறது. இவர் பேரரசின் குற்றங்களை மறைத்தவர் அல்லர். டாஸ்மேனியப் பழங்குடிகள் அழிக்கப்பட்டதும் அயர்லாந்துப் பஞ்சமும் முதற்பாகத்தில் உண்டு. 1956இல் சூயஸ் போரின்போது, இஸ்ரேலுக்கு ஆதரவாகப் பிரெஞ்சு விமானிகள் நேபாம் வீசியதை அவர்கள் வாயாலேயே கேட்டு ‘மான்செஸ்டர் கார்டியனில்’ அம்பலப்படுத்தியவரும் இவரே. ஆனால் பேரரசின் அழகில் அவருக்கு ஒரு மயக்கம் உண்டு. அணிவகுப்பு, கொடி, தளபதியின் மீசை என்று வந்துவிட்டால் வாக்கியம் துள்ளும். தக்கர்களைப் பற்றிய அத்தியாயம் பெரும்பாலும் ஸ்லீமன் துரையின் கண்ணாலேயே பார்க்கிறது. 1860 நவம்பர் 16இல் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பனில் வந்து நின்றது. இந்த இதழைக் கையில் வைத்திருப்பவர்களில் சிலருக்கு அது குடும்பக் கதை. மாரிஸ் அந்தத் துறைமுகத்தில் நின்றிருந்தால் மாலுமியின் தொப்பியையும் பாய்மரத்தையும் அற்புதமாக எழுதியிருப்பார். அடித்தளத்தில் முடங்கிக் கிடந்தவளின் பெயரைக் கேட்டிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அப்படியானால் ஏன் படிக்க வேண்டும் என்று என் மகள் கேட்டாள். ஆண்டவன் வீட்டு உட்புறம் எப்படி இருந்தது என்று தெரியாமல் ஆளப்பட்டவன் கதையையும் முழுசாகச் சொல்ல முடியாது என்றேன். இன்னும் அந்தப் புத்தகத்தை அவள் தொடவில்லை.

வயதாக ஆக மாரிஸ் தந்தையின் நாடான வேல்ஸ் பக்கம் சாய்ந்து, வேல்ஸ் தேசியவாதியானார். 2001இல் வந்த ‘டிரியெஸ்ட்’ நூலை அதோடுதான் படிக்க வேண்டும். போர் முடிந்த கையோடு இளம் சிப்பாயாக அவர் பார்த்த துறைமுகம் அது. எந்த நாட்டுக்கும் முழுதாகச் சொந்தமில்லாத அந்த ஊரை வைத்து, எங்கும் சேராதவர்களுக்கெல்லாம் பொதுவாக, உலகமெங்கும் சிதறிய ஒரு தேசம் இருப்பதாகக் கற்பனை செய்கிறார். புலம்பெயர்ந்தவர்களுக்கு இது தேனாக இனிக்கும், எனக்கும் இனித்தது. ஆனால் 1983க்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பி, அகதி விண்ணப்பத்தோடு வரிசையில் நின்றவருக்கு ‘எங்கும் சேராமை’ ஒரு மனநிலை அல்ல. அது ஓர் அதிகாரியின் முத்திரைக்குக் காத்திருப்பது. மாரிஸிடம் எப்போதும் கடவுச்சீட்டு இருந்தது. திரும்பிப் போக லானிஸ்டம்டுவி என்ற கிராமத்தில் ஒரு வீடும் இருந்தது.

அந்த வீட்டு மாடிப்படியின் கீழே, தனக்கும் எலிசபெத்துக்குமான கல்லறைக் கல்லை வேல்ஸ் மொழியிலும் ஆங்கிலத்திலும் செதுக்கிப் பல ஆண்டுகளாக வைத்திருந்தார். அது போய் நிற்க வேண்டிய இடத்தையும், பக்கத்தில் ஓடும் டுவிவோர் ஆற்றின் நடுவே ஒரு சிறு திட்டாக முன்பே தேர்ந்திருந்தார். 2020 நவம்பர் 20இல், 94ஆம் வயதில் இறந்தார்.