நாணய உருப்பெருக்கி

நாணயத்தின் எழுத்து, அச்சுக்குறி, தேய்மானம், போலித்தன்மை ஆகியவற்றை ஆராய உதவும் கைலென்ஸ். புனே வட்டாரத்தில் இதற்கு அதிக வேலை வைப்பது சிவ்ராய் என்னும் மராத்தியச் செப்புக்காசு. அதன் ஒருபுறம் 'ஸ்ரீ ராஜா சிவ', மறுபுறம் 'சத்ரபதி' என நாகரியில் இருக்கும். அச்சு காசைவிடப் பெரிதாக இருந்ததால் பல காசுகளில் ஓர எழுத்துகள் வெட்டுப்பட்டிருக்கும். எஞ்சிய கோடுகளை வைத்தே படிக்க வேண்டும். இதற்கு 5 மடங்கு லென்ஸ் போதும். காசு முழுவதும் ஒரே பார்வையில் தெரிவது பெரிய வசதி.

இந்தியக் குடியரசுக் காசுகளில் ஆண்டுக்குக் கீழே உள்ள நாணயச்சாலைக் குறியைப் பார்க்க 10 மடங்கு லென்ஸ் நல்லது. வைரவடிவம் மும்பை, விண்மீன் ஹைதராபாத், புள்ளி நொய்டா. குறியே இல்லையென்றால் கொல்கத்தா. தேய்ந்த காசில் ஹைதராபாத் விண்மீன் புள்ளிபோல மழுங்கி, நொய்டா என்று ஏமாற்றும். வார்ப்புப் போலிகளின் நுண்குழிகளும் விளிம்பில் ஓடும் இணைப்புக் கோடும் இதே லென்ஸில் பிடிபடும்.

10 மடங்கு லென்ஸின் குவியத்தூரம் ஏறத்தாழ 2.5 செ.மீ. ஆகவே லென்ஸைக் கண்ணருகே வைத்துக் காசை அதை நோக்கி உயர்த்த வேண்டும். விளக்கொளி பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும். மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்த 'டிரிப்லெட்' ஓரத்து நிறச்சிதறலையும் உருக்கோணலையும் பெரிதும் குறைக்கும். விலை கூடினாலும் அதையே வாங்கலாம். மலிவான ஒற்றை லென்ஸில் பொறித்திருக்கும் '30 மடங்கு' போன்ற எண்ணை நம்ப வேண்டாம்.