புறக்காழும் அகக்காழும்: தொல்காப்பியர் வகுத்த நிலைத்திணைப் பாகுபாடு

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் பகுத்துரைக்கின்றது. அவற்றுள் ஓரறிவினவாகிய நிலைத்திணை உயிர்கள் புல், மரம் என இரு கூறாக்கப்படுகின்றன. புறத்தே காழ் உடையது புல். அகத்தே காழ் உடையது மரம். இப்பாகுபாட்டை இக்கால நிலைத்திணை நூலார் கூறும் ஒருவித்திலை, இருவித்திலை என்னும் பாகுபாட்டோடு ஒப்பிட்டு, மேலைநாட்டார் அண்மையிற் கண்டதனைத் தமிழர் பண்டே கண்டனர் என மகிழ்தல் நம்மிடையே வழக்காயிற்று. மகிழ்ச்சிக்கு இடம் இல்லாமலில்லை. எனினும், ஒப்புமையின் எல்லையை ஆராயாது கூறும் புகழ்ச்சி ஆசிரியர்க்குப் பெருமை சேர்ப்பதாகாது. தொல்காப்பியர் கொண்ட அளவுகோல் யாது, அஃது எதன்பொருட்டுக் கொள்ளப்பட்டது, எங்கே நிலைபெற்றது, எங்கே நெகிழ்ந்தது என்பவற்றைத் தென்காசி, குற்றாலம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த மரஞ்செடிகளைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காழ் என்னும் அளவுகோல்

காழ் என்னும் சொல்லுக்கு விதை என்னும் பொருளும் உண்டு. ஆயினும் ஈண்டு அப்பொருள் பொருந்தாது. அகம், புறம் என்னும் அடைகள் தண்டின் உள்ளையும் வெளியையும் சுட்டி நிற்றலின், வயிரம் என்பதே பொருளாம். விதையையும் வித்திலையையும் இந்நூற்பாக்களுள் தேடுதல் வீண்முயற்சியாகும்.

தென்காசிச் சமவெளியில் நிற்கும் பனையை வெட்டிப் பார்ப்போர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். அதன் புறப்பகுதி கறுத்து வயிரமேறி நிற்கும்; உட்பகுதியோ மென்மையாய் நார் செறிந்து கிடக்கும். வீட்டிற்குப் பனங்கை அறுப்போர் உள்ளீட்டைக் களைந்து புறத்தைக் கொள்வர். குற்றாலத் திருக்கோயிலின் தலமரம் குறும்பலா. ஞானசம்பந்தர் அதன் பெயரால் தனிப்பதிகமே பாடியுள்ளார். அவ்வினத்ததாகிய பலாவைத் தோட்டத்தில் வெட்டினால், வெளிப்புறம் வெளுத்தும் உட்புறம் மஞ்சள் நிறங்கொண்டு உறுதிபெற்றும் இருக்கக் காணலாம். தச்சர் வெளிப்புறத்தைச் செதுக்கி எறிந்து உள்வயிரத்தைக் கொள்வர். வீணைக்கும் மிருதங்கத்திற்கும் உதவுவது அவ்வயிரமே. பனையில் களையப்படுவது அகம். பலாவில் களையப்படுவது புறம். கோடரியும் உளியும் ஏந்திய கைகள் நாள்தோறும் கண்ட வேறுபாட்டையே தொல்காப்பியர் இலக்கணமாக்கினார் எனல் பொருந்தும்.

பாகுபாட்டின் பயன்

மரபியல் நிலைத்திணை நூல் அன்று. சொல்வழக்கின் மரபை உணர்த்தும் இயல். இளமைப்பெயர், ஆண்பாற்பெயர், பெண்பாற்பெயர் ஆகியவற்றை எவ்வெவ் வுயிர்க்கு வழங்குதல் மரபு என்று கூறிய பின்னரே, அவ்வியல் புல்லையும் மரத்தையும் வரையறுக்கின்றது. வரையறுத்தவுடன் உறுப்புப் பெயர்களைப் பகுத்துக் கொடுக்கின்றது. ஓலை, மடல், ஏடு, ஈர்க்கு, பாளை, குலை முதலியன புல்லுக்கு உரியன. இலை, தளிர், முறி, குழை, சினை, அரும்பு முதலியன மரத்திற்கு உரியன. காய், பழம், தோல் போல்வன இரண்டிற்கும் பொது. தோடு என்பது இரு பட்டியலிலும் இடம்பெறுகின்றது. எனவே, காழ் பற்றிய பாகுபாடு எச்சொல் எதனோடு வரும் என அறிதற்குரிய கருவியாகவே அமைந்தது.

இம்மரபு இன்றும் பெரும்பாலும் வழுவாது நிற்கின்றது. பனையோலை, தென்னையோலை, கமுகம்பாளை என்கிறோம். மாவிலை, பலாவிலை, வேப்பந்தளிர் என்கிறோம். பனையிலை என்றோ மாவோலை என்றோ கூறுவார் இலர். எழுத்தறியாதாரும் இவ்வழக்கில் பிழைசெய்வதில்லை.

நெகிழும் இடங்கள்

ஆயினும் இருவகைச் சான்றுகள் நம்மைத் தயங்கச் செய்கின்றன. மலைச்சாரலில் வளரும் மூங்கில் ஐயமின்றிப் புறக்காழினது. எனினும் அதன் இலையை ஓலை என்பார் இலர். வாழையோ இன்னும் நுட்பமானது. அதன் காய்த்தொகுதி, புல்லுக்குரிய சொல்லாகிய குலை என்பதனைப் பெறுகின்றது. அதன் இலையோ, மரத்திற்குரிய சொல்லாகிய இலை என்பதனையே பெறுகின்றது. ஒரே செடியில் இருவகைச் சொற்களும் கலந்து வருதற்குக் காரணம் யாது? வாழைக்கு அகத்தும் காழ் இல்லை. புறத்தும் காழ் இல்லை. மூங்கிலில் காழ் இருந்தும் சொல் மாறிற்று. ஆதலின், காழ் ஒன்றே சொல்லை முற்றும் தீர்மானிக்கின்றது எனக் கூறுதற்கில்லை. ஆயினும் அளவுகோலே இல்லாதொழிந்த வாழையில், சொல் இருபாலும் சார்ந்து நின்றது என்று கொள்ளுதல் தகும். உறுப்புப் பெயர்களைக் கூறுமிடத்துப் பிறவும் வரும் என ஆசிரியர் இடம் விட்டுச் சென்றமையும் கருதத்தக்கது.

இக்குறையைப் பிற்காலத்தார் உணர்ந்தனர் என்பதற்கு நிகண்டுகள் சான்றாகின்றன. திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் மரப்பெயர்களுக்கெனத் தனித்தொகுதி வகுத்தவை. நிகண்டு வழக்கில் அகக்காழ் உடையது ஆண்மரம். புறக்காழ் உடையது பெண்மரம். காழ் அற்ற வெளிறு அலிமரம். இருகூறாக இருந்தது முக்கூறாயிற்று. இஃது ஆராயத்தக்க வளர்ச்சி. முன்னோர் நூலைப் போற்றியவர்களே அதனைக் கண்முன் நின்ற பொருளோடு ஒப்பிட்டு, எஞ்சியதற்கு இடம் வகுத்தனர்.

இம்மூன்றாங் கூறே ஒருவித்திலை, இருவித்திலை ஒப்புமையின் எல்லையையும் காட்டுகின்றது. வயிரமின்மை ஒன்றையே நோக்கின் முருங்கையும் வாழையும் ஓரினமாகும். வித்திலையை நோக்கினோ, முருங்கை இருவித்திலையது, வாழை ஒருவித்திலையது.

பிறநாட்டுப் பாகுபாடுகள்

கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் வடிவத்தை நோக்கி மரம், புதர், குறுஞ்செடி, பூண்டு என நால்வகை கண்டார். சரக சங்கிதை பூவும் காயும் தோன்றும் இயல்பையும், காய்த்தபின் மடிதலையும், படர்ந்து வளர்தலையும் நோக்கி வனஸ்பதி, வானஸ்பத்தியம், ஓஷதி, வீருத்து என நான்காக்கிற்று. தண்டின் உள்ளமைப்பை நோக்கியதே தொல்காப்பியத்தின் தனித்தன்மை.

மேலைநாட்டில் வித்திலையை அடிப்படையாகக் கொண்டவர் ஜான் ரே, ஆண்டு 1682. தண்டின் அமைப்பிலும் அவ்விரு வகைகள் வேறுபடுதலை 1798இல் தேபோந்தேன் விளக்கினார். அதன்வழி, கந்தோல் என்பார் இருவித்திலையினவற்றைப் புறவளர்ச்சியின என்றும், ஒருவித்திலையினவற்றை அகவளர்ச்சியின என்றும் பெயரிட்டார். நம் அகக்காழுக்கு நேராவது அவர்தம் புறவளர்ச்சியே. அவர் வளரும் இடத்தைக் கூறினார். நம்மவர் வயிரம் பாய்ந்த இடத்தைக் கூறினர். சொல்லொப்புமை கண்டு மாறிப் பொருத்துவோர் இதனை நினைவிற்கொள்க. பனை முதலியன உள்ளிருந்தே வளர்கின்றன என்னும் கொள்கையை மோல் 1831இல் வெளியிட்ட ஆய்வினால் மறுத்தார். வளர்ச்சி பற்றி எதுவும் கூறாத தொல்காப்பியர் கூற்று அம்மறுப்பிற்கு ஆளாகவில்லை.

1830களில் குற்றால மலையில் செடிகளைத் திரட்டிய இராபர்ட் வைட், தென்னிந்தியச் செடிகளின் படங்களை 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். அவர் மேற்கொண்டது மேலைநாட்டுப் பாகுபாடு. பின்னர் 1998இல் மரபணுச் சான்றுகொண்டு அமைந்த பாகுபாட்டில், ஒருவித்திலையின ஒரே கால்வழியின என நிலைபெற்றன. இருவித்திலையின அங்ஙனம் ஓரினமாக நிற்கவில்லை. அறிவியல் தன் பாகுபாட்டைத் திருத்திக்கொண்டே செல்கின்றது. இன்றைய ஒப்புமையையே பெருமைக்கு அடிப்படையாக்கின், அப்பாகுபாடு மாறும்போது பெருமையும் தளரும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தொல்காப்பியர் வித்திலையைக் கண்டிலர், வயிரத்தைக் கண்டனர் என்பதும், அதனைச் சொல்மரபிற்கு அடிப்படையாக்கினர் என்பதும், அது நெகிழ்ந்த இடத்தை நிகண்டுகள் நிரப்பின என்பதும் பெறப்படும். பனைவயிரமும் பலாவயிரமும் அறிந்த தச்சரும், ஓலையும் இலையும் மயங்காத மக்களும் இப்பாகுபாட்டின் முதற்சான்றுகள். ஊர்தோறும் மரஞ்செடிகளின் உறுப்புப் பெயர்களைத் திரட்டுவோர், மூங்கிலும் வாழையும் எழுப்பும் ஐயங்களைத் தீர்க்க வழிகாண்பர்.