பன்மொழி அறிந்த செவி

செய்தி வாசிப்பவருக்கு நல்ல நா இருந்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். நல்ல செவியும் வேண்டும் என்பது என் கருத்து. அதற்குச் சான்றாக ரிஸ் கான் என்பவரின் பணி வரலாற்றை மாணவ நேயர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

அவர் 1962-ஆம் ஆண்டு ஏடன் நகரில் பிறந்தார். அந்நாளில் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த அத்துறைமுகத்தில் அரபியரோடு இந்தியத் துணைக்கண்டத்து மக்களும் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர். அவருடைய குடும்பமும் துணைக்கண்டத்து வழிவந்ததே. நான்கு வயதில் அவர் இலண்டன் சேர்ந்தார். சிறிது காலத்திற்குள், 1967 நவம்பரில், ஏடனில் ஆங்கிலக் கொடி இறங்கிற்று. உருதுவும் இந்தியும் அறிந்த அவர், பிரெஞ்சும் சுவீடிஷும் பயின்றார். கல்லூரியில் கற்றதோ உடலியல்! 1987-இல் பி.பி.சி.யில் பயிற்சியாளராகப் புகுந்தார்.

1991-இல் பி.பி.சி.யின் உலகத் தொலைக்காட்சி தொடங்கியது. அவ்வாண்டிலேயே ஸ்டார் நிறுவனத்தின் வழியாக, செயற்கைக்கோள் மூலம் ஆசியாவையும் எட்டியது. தூர்தர்ஷன் ஒன்றையே அறிந்திருந்த எங்கள் தெருவிலும் கேபிள் வந்தது. உலகச் செய்தியை ஆங்கிலத்தில் உரைக்கும் திரையில் நம் பக்கத்து முகம் ஒன்றைக் கண்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது.

1993-இல் அவர் சி.என்.என். நிறுவனத்தின் பன்னாட்டு ஒளிபரப்பில் சேர்ந்தார். அங்கே அவர் நடத்திய வினா விடை நிகழ்ச்சியில் பல நாட்டு நேயர்கள் தொலைபேசியில் விருந்தினரை நேரே வினவினர். அவரவர் ஆங்கிலம் அவரவர் தாய்மொழியின் சாயலோடு வரும். தயங்கி நிற்கும் வினாவையும் பிடித்து விருந்தினரிடம் சேர்க்க வேண்டும். பன்மொழிப் பயிற்சி அவருக்குக் கைகொடுத்த இடம் இதுவே என்பேன். 1998-இல் ஹஜ் யாத்திரையை அந்நிறுவனம் நேரடியாக ஒளிபரப்பியபோது அதனை வழங்கியவரும் அவரே. முஸ்லிம் அல்லாதார் மக்காவுக்குள் புக இயலாது என்பதை இங்கே நினைக்க வேண்டும். பின்னர், 2006 நவம்பர் 15-இல் தொடங்கிய அல்ஜசீரா ஆங்கில ஒளிபரப்பில் தம் பெயராலேயே ஒரு நிகழ்ச்சியை 2011 வரை நடத்தினார்.

இத்தனை மொழி அறிந்தவர் திரையில் பேசியது பெரும்பாலும் ஆங்கிலமே. அப்படியாயின் பிற மொழிகளால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். நான் வானொலிக்குச் செய்தி மொழிபெயர்த்த நாளில், வடபுலத் தலைவர் ஒருவர் "மெஹர்பானி" என்று எள்ளலாகச் சொன்னது ஆங்கிலக் குறிப்பில் "நன்றி" என்று வந்தது. நானும் "நன்றி கூறினார்" என்றே எழுதிவிட்டேன். ஒலிப்பதிவு என் மேசைமேல்தான் இருந்தது. கேட்டாலும் விளங்காதென்று விட்டுவிட்டேன். இந்தி அறிந்த நேயர் ஒருவர் அஞ்சலட்டையில் எழுதியிருந்தார்: "ஐயா, அவர் நன்றி கூறவில்லை, சண்டையிட்டார்."