மூன்று ஒன்றியங்கள்: குன்னத்தூரிலிருந்து கூட்டாட்சி குறித்து ஒரு வாதம்

அறுபது வயதைத் தாண்டிய குன்னத்தூர்க்காரர் ஒருவர் கோயமுத்தூர் மாவட்டத்தில் பிறந்து, பெரியார் மாவட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஈரோடு மாவட்டத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து, திருப்பூர் மாவட்டத்தில் பேரன் எடுத்திருப்பார். வீடு மட்டும் மாறியிருக்காது. 1979இல் பெரியார் மாவட்டம் பிரிந்தது. 1996இல் அதற்கு ஈரோடு என்று பெயர் மாறியது. 2009இல் திருப்பூர் மாவட்டம் அமைந்தபோது ஊர் அதோடு சேர்ந்தது. மாவட்டம் நிர்வாக வசதிக்காக ஏற்பட்டது என்பதால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இந்திய அரசமைப்பின் 3ஆம் பிரிவு மாநிலத்தையும் ஏறக்குறைய இதே நிலையில்தான் வைத்திருக்கிறது. ஒரு மாநிலத்தின் எல்லையையும் பெயரையும் நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றலாம். அந்தச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரை இரண்டு ஒன்றியப் பகுதிகளாக்கும் சட்டம் நிறைவேறியபோது கருத்துச் சொல்ல அங்கே சட்டமன்றமே இல்லை.

கொங்கு 24 நாடுகள் என்ற பழைய கணக்கில் குன்னத்தூர் குறுப்பு நாட்டு ஊர். அந்த ‘நாடு’ இன்றைய ஒரு வட்டத்தின் அளவுதான் இருக்கும். அதே சொல் தமிழ்நாட்டுக்கும் பிரான்ஸ் நாட்டுக்கும் கூச்சமில்லாமல் பொருந்துகிறது. ‘ஒன்றியம்’ இன்னும் குறும்பான சொல். ஊத்துக்குளிப் பக்கத்தில் ‘ஒன்றியத்துக்குப் போய்ட்டு வர்றேன்’ என்றால் பி.டி.ஓ. ஆபீசுக்கு என்று அர்த்தம். (குன்னத்தூர் பேரூராட்சி என்பதால் அந்த ஒன்றியத்துக்குள் வராது; சுற்றியுள்ள கிராமங்கள் வரும்.) 2021இல் தமிழக அரசு ‘மத்திய அரசு’ என்பதை விட்டு ‘ஒன்றிய அரசு’ என்று எழுதத் தொடங்கியதும் எழுந்த சச்சரவில் பாதி, தில்லியை பி.டி.ஓ. ஆபீசாக்கிவிட்டார்களே என்ற மனத்தாங்கல்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அரசமைப்பின் முதற்பிரிவு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்றே சொல்கிறது. பிரஸ்ஸல்ஸில் இருப்பதும் ஒன்றியமே.

இந்தப் பெயரொற்றுமை வெறும் சொல்விளையாட்டு அல்ல. 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தில் ஊராட்சித் தலைவர்களே ஒன்றியக் குழுவின் உறுப்பினர்கள். அதாவது ஊர்கள் கூடிய கூட்டம் அது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒன்றிய உறுப்பினரை மக்களே நேராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரைத் தாண்டி ஒன்றியத்துக்கென்று தனி அங்கீகாரம் கிடைத்தது. ஐரோப்பாவும் இந்த வழியாகத்தான் வந்தது. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு உறுப்பு நாடுகளின் நாடாளுமன்றங்களே ஆள் அனுப்பிவந்தன. 1979இல்தான் நேரடித் தேர்தல் நடந்தது. அரசுகள் கூடும் சபையா, மக்கள் கூடும் சபையா என்ற கேள்விக்கு ஐரோப்பா இன்றுவரை இரண்டும் என்றே பதில் சொல்லிவருகிறது.

அங்கே விவாதம் 1957இன் ரோம் ஒப்பந்தத்திலிருந்தே ‘இன்னும் நெருங்கிய இணைப்பா, நாட்டு இறையாண்மையா’ என்ற வாய்பாட்டில் நடக்கிறது. 1965இல் டி கால் பிரெஞ்சுப் பிரதிநிதிகளைக் கூட்டங்களுக்கு அனுப்பாமல் நாற்காலியைக் காலியாக விட்டார். 1988இல் புரூஜ் நகரில் தாட்சர் பேசியதும் இதே பல்லவிதான். வாய்பாடு பழையது மட்டுமல்ல, தவறானதும்கூட. எவ்வளவு இறையாண்மை கைமாறியது என்று படிக்கல் போட்டு நிறுப்பதால் ஓர் ஒன்றியத்தின் குணம் தெரியாது. உள்ளே வந்தவர் ‘மாட்டேன்’ என்று சொல்ல இன்னும் எங்கே இடமிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெளியேறும் கதவை அடைத்த ஒன்றியம், உள்ளே பேசும் இடத்தை அகலமாக வைத்திருக்கக் கடமைப்பட்டது. இந்திய ஒன்றியம் கதவையும் அடைத்து, பேசும் இடத்தையும் குறுக்கிக்கொண்டது என்பதே என் வாதம்.

இதைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. குன்னத்தூர் வட்டாரத்து பவர்டேபிள் கூடம் ஒன்றின் செக்கிங் மேசையில் இரண்டு சரக்குகள் அடுத்தடுத்து இருந்ததைப் பார்த்தேன். ஒன்று ஜெர்மனி வழியாக ஐரோப்பியக் கடைகளுக்குப் போகும் டீ-சர்ட். அதன் பக்கத் தையலில் வாஷ் கேர் லேபிள் நாலைந்து மடிப்பாகத் தொங்கியது. பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பெண் அதை இழுத்து விரித்துக் காட்டினார். ‘பருத்தி’ என்ற ஒரே சேதியைப் பத்துப் பன்னிரண்டு மொழியில் அச்சடித்திருந்தார்கள். துணியில் என்ன நூல் என்பதை, அது விற்கும் உறுப்பு நாட்டின் ஆட்சிமொழியில் சொல்லியாக வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒழுங்குமுறை. மற்றது உள்நாட்டுச் சரக்கு, அட்டைப்பெட்டியில் மடித்த ஆண்கள் பனியன். அதே 2011இல் வந்த இந்தியப் பொட்டலப் பொருள் விதிகளின்படி பெட்டிமேல் விவரம் தேவநாகரியில் இந்தியாகவோ ஆங்கிலமாகவோ இருக்க வேண்டும். மற்ற மொழியைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். தமிழில் மட்டும் போட்டால் செல்லாது. குன்னத்தூரில் தைத்து ஈரோட்டில் விற்றாலும் அப்படித்தான். ஐரோப்பாவும் ஒரே சந்தை, இந்தியாவும் ஒரே சந்தை. 5 லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் மால்டாவின் மொழி ஐரோப்பிய ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளில் ஒன்று. 2011 கணக்கில் திருப்பூர் மாவட்டத்தின் மக்கள்தொகையே 24 லட்சத்துக்கு மேல்.

லேபிள் சின்ன விஷயம் என்பார்கள். சரி, தீர்வைக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும் ஆயத்த ஆடைக்கு அடிப்படைச் சுங்கத் தீர்வை பெரும்பாலும் 12%. மிகப் பின்தங்கிய நாடு என்ற முறையில் வங்கதேசத்துக்கு அது இல்லை. திருப்பூர்க்காரர்கள் ஆண்டுக்கணக்காகப் புலம்பும் வித்தியாசம் இது. ஜெர்மனிக்கு இரக்கம் வந்தாலும் தனியாக ஒரு சதவீதம் குறைக்க முடியாது. வணிகக் கொள்கை முழுக்க ஒன்றியத்தின் கையில். இந்த ஓரிடத்தில் ஐரோப்பிய நாடுகள் இந்திய மாநிலங்களைப் போலத்தான் கைகட்டி நிற்கின்றன. வெளியேறிய பிரிட்டன் 2025 ஜூலை 24 அன்று இந்தியாவோடு தனியாக வணிக ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. இறையாண்மைக் கட்சிக்காரர்களுக்கு அது நல்ல சாட்சி.

ஆனால் 2016 அக்டோபரில் நடந்ததைப் பார்க்க வேண்டும். கனடாவோடு ஒன்றியம் செய்துமுடித்த ஒப்பந்தத்துக்கு பெல்ஜியம் கையெழுத்துப் போட வேண்டும்; பெல்ஜியத்தின் சட்டப்படி அதற்கு வல்லோனியா என்ற வட்டாரத்தின் சட்டமன்றம் இசைய வேண்டும். சுமார் 36 லட்சம் பேர் வாழும் அந்த வட்டாரம் மாட்டேன் என்றது. 28 நாடுகளும் கனடாவும் சில நாட்கள் காத்துக் கிடந்தன. விளக்கக் குறிப்புகள் எழுதி இணைத்த பிறகே கையெழுத்து ஆயிற்று. இந்திய–பிரிட்டன் ஒப்பந்தத்தில் பின்னலாடைக்கு முதன்மையான இடம் இருந்தும், தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அதில் முறைப்படி எங்கும் வரவில்லை. நாடாளுமன்றமே ஒப்புதல் தர வேண்டும் என்ற கட்டாயம் இந்தியாவில் கிடையாது. மேலும் 253ஆம் பிரிவின்படி, வெளிநாட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்ற மாநிலப் பட்டியலில் உள்ள பொருள்மீதும் நாடாளுமன்றம் சட்டம் செய்யலாம்.

அடுத்து ஜி.எஸ்.டி. இதை இந்தியக் கூட்டாட்சியின் சாதனை என்கிறார்கள். இறையாண்மையைச் சேர்த்து வைத்தல் என்ற ஐரோப்பியச் சொல்லாட்சியையே அதற்கும் சூட்டுகிறார்கள். கணக்குப் பார்த்தால் சூட்டியது பொருந்தவில்லை. 279ஏ பிரிவின்படி ஜி.எஸ்.டி. மன்றத்தில் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. முடிவெடுக்க நான்கில் மூன்று வேண்டும். மாநிலங்களும் சட்டமன்றமுள்ள ஒன்றியப் பகுதிகளுமாக 31 பேரும் ஒருவர் பாக்கியில்லாமல் சேர்ந்து கை தூக்கினாலும் 66.7% தான், தில்லி வேண்டாம் என்றால் நடக்காது. தில்லியின் விருப்பத்தைத் தடுக்கவோ, எல்லோரும் வாக்களிக்கும் கூட்டத்தில் 12 பேர் சேர வேண்டும். தனியாகத் தமிழ்நாட்டின் எடை சுமார் 2.15%; கோவாவுக்கும் அதுவே. ஒரு மாநிலம் ஒரு வாக்கு என்ற இந்த முறையை அன்றைய தமிழ்நாட்டு நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் 2021 மே மாதம் மன்றத்திலேயே எதிர்த்துப் பேசினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் மற்ற விஷயங்களுக்கு 55% நாடுகளும் 65% மக்கள்தொகையும் சேர்ந்தால் தீர்மானம் நிறைவேறும். வரி என்று வந்தால் ஒருமனதாக இருக்க வேண்டும். மால்டா ஒன்றே நிறுத்திவிடலாம்.

2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய மன்றம், செயற்கை இழைத் துணியின் தலைகீழ் வரியை (மூலப்பொருளுக்கு அதிகம், துணிக்குக் குறைவு என்ற நிலையை) சரிசெய்கிறோம் என்று ஜவுளி வரியை 5 சதவீதத்திலிருந்து 12 ஆக்கப் பரிந்துரைத்தது. 2022 ஜனவரி 1 முதல் அமல் என்று அறிவிக்கையும் வந்தது. சாயம், பிரிண்டிங் போன்ற ஜாப் ஒர்க்குக்கும் ஏறும் என்றானதும் இந்தப் பக்கத்தில் கலவரப்படாத ஆளில்லை. கட்டையான லாபத்தில் ஓடுகிறவர்கள். வரியாகக் கட்டிய பணம் திரும்பி வருமுன் முதல் முடங்கிவிடும். தமிழ்நாடு, குஜராத், மேற்கு வங்கம் எனக் கட்சி பாராமல் மாநிலங்கள் எதிர்த்தன. டிசம்பர் 31 அன்று மன்றம் மீண்டும் கூடி முடிவைத் தள்ளிவைத்தது. விடிந்தால் அமலாகும் வரி முந்தின நாள் நின்றது. அன்று குஜராத்தும் ஒரே பக்கம் நின்றதால் நின்றது. தமிழ்நாடு மட்டும் என்றால் நின்றிருக்காது. நம்மிடம் இருப்பது உரிமை அல்ல, கூட்டாளி அமைந்த அதிர்ஷ்டம். மன்றத்தின் பரிந்துரை கட்டுப்படுத்தாது என்று 2022 மே மாதம் மோகித் மினரல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் வரி கணினி வலையில் கோத்துக் கிடக்கும்போது ஒரு மாநிலம் தனியே விலகி நிற்பது தாளில்தான் சாத்தியம்.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கவை அற்பமானவை அல்ல. 2015 ஜூலை 5 அன்று கிரேக்க மக்களில் வாக்களித்தோரில் 61% பேர் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனை வேண்டாம் என்றார்கள். சில நாட்களில் அவர்கள் அரசு அதைவிடக் கடுமையானதற்குத் தலையாட்டியது. பொது நாணயத்துக்குள் போனவருக்கு, கதவு திறந்திருந்தாலும் வாசல் தூரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்ஜெட் உறுப்பு நாடுகளின் தேசிய வருமானத்தில் ஏறக்குறைய 1%. இல்லாதவருக்கு எடுத்துக் கொடுக்க அதன் கையில் என்ன இருக்கிறது? இந்தியாவில் 15ஆவது நிதிக்குழு பகிரத்தக்க வரியில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குப் பிரித்தது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079%; 10ஆவது நிதிக்குழுக் காலத்தில் 6.637%. தேய்ந்ததில் எனக்கும் வருத்தமே. ஆயினும் பீகாருக்கு ஒரு பங்கு போய்ச் சேரும் ஏற்பாடு ஒன்றியம் என்பதன் அர்த்தத்தில் அடங்கியதுதான்.

அந்தப் பீகார் குன்னத்தூருக்கு அந்நியமும் அல்ல. இந்த வட்டாரத்துக் கூடங்களில் ஓவர்லாக் மிதிக்கிறவர்களில் ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் இல்லாத இடம் அரிது. விசா கிடையாது, அனுமதிச் சீட்டு கிடையாது. ரயிலேறி வந்து மறுநாள் மிஷினில் உட்காரலாம். 2004இல் போலந்து முதலிய நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்து, அவர்கள் தொழிலாளர் வேலை தேடி வந்ததை மனத்தில் வைத்தே பிரிட்டனில் பலர் வெளியேற வாக்களித்தார்கள். இங்கே 2023 மார்ச் வாக்கில் வடமாநிலத்தவரைத் தாக்குகிறார்கள் என்று பொய்க் காணொலிகள் பரவியபோது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு திருப்பூர்வரை வந்து பார்த்துப் போயிற்று. ஆள் போய்விட்டால் ஆர்டர் முடியாது என்ற பயம் உடமஸ்தர்களுக்கு. அதனால் அந்தச் சில நாட்களில் ஒன்றியத்தின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. ஆகவே பிரிவினை என் வாதத்தின் முடிவு அல்ல. கதவு அடைத்திருப்பதை ஏற்றுக்கொண்டுதான் பேசுகிறேன்.

கதவை அடைத்த நாளும் தெரிந்ததுதான். 1962இல் மாநிலங்களவையில் திராவிட இனத்தின் தன்னுரிமை பற்றிப் பேசிய அண்ணா, சீனப் போருக்குப் பிறகு, 1963இல், 16ஆவது திருத்தம் வந்த சூழலில் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டார். சட்டமன்றத்துக்கு நிற்கும் ஒவ்வொருவரும் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றாக்கியது அந்தத் திருத்தம். கோரிக்கையை விட்டாலும் அதற்கான காரணங்களை விடவில்லை என்பதே அவர் நிலை. அந்தக் காரணங்களைச் சட்டமொழியில் எழுதும் வேலையைத்தான் 1969இல் கலைஞர் அமைத்த ராஜமன்னார் குழு செய்தது. 1971இல் அது தந்த அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது, பலரும் மேற்கோள் காட்டும் 356ஆம் பிரிவு பற்றிய பரிந்துரை அல்ல. முதல்வர்கள் உட்காரும் மாநிலங்களிடை மன்றம் ஒன்றை உடனே அமைத்து, மாநிலங்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளை அங்கே வைத்துப் பேசிய பிறகே எடுக்க வேண்டும் என்றதுதான். அடைத்த கதவுக்கு ஈடாக அது கேட்டது ஒரு மேசை.

மேசை 1990இல் வந்தது. ஐரோப்பாவின் தலைவர்கள் ஆண்டுக்கு நான்கு முறையாவது கூடியாக வேண்டும் என்பது அவர்கள் ஒப்பந்தம். நம் மாநிலங்களிடை மன்றத்தின் 11ஆவது கூட்டம் 2016 ஜூலை 16 அன்று நடந்தது. பிரிட்டன் வெளியேற வாக்களித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அடுத்த மூன்று வாரத்துக்குள், ஆகஸ்ட் 3 அன்று, ஜி.எஸ்.டி. திருத்தம் மாநிலங்களவையில் நிறைவேறியது, அ.இ.அ.தி.மு.க. உறுப்பினர்கள் எழுந்து வெளிநடப்புச் செய்தார்கள். மன்றத்தின் 12ஆவது கூட்டம் 2024 முடியும்வரை கூட்டப்படவில்லை.