ஒரு கிண்ணம் தண்ணீர்

ஃபெரெட் என்ற பிராணியை நம்மில் பெரும்பாலோர் பார்த்திருக்க மாட்டோம். நம் ஊர்க் கீரியை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். மெலிந்து நீண்ட உடல், குட்டைக் கால்கள், கண்களைச் சுற்றி முகமூடி போட்டாற்போல் ஒரு கறுப்பு. ஏறக்குறைய அதுதான் ஃபெரெட். ஆனால் கீரிக்கும் அதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. ஐரோப்பியக் காடுகளில் திரியும் போல்கேட் என்ற ஊனுண்ணியை மனிதன் பிடித்துப் பழக்கி, தலைமுறை தலைமுறையாக வளர்த்து உண்டாக்கிய ஜாதி அது. விஞ்ஞானிகள் அதை 'முஸ்டெலா ஃபூரோ' என்கிறார்கள். லத்தீன் மொழியில் 'ஃபூர்' என்றால் திருடன் என்று பொருள். வேலைக்கு வைத்துக்கொண்டவனுக்கே திருடன் என்று பட்டம் சூட்டினார்கள் என்றால், எஜமானர்களின் மனப்போக்கு எப்படிப்பட்டது என்று சொல்லவும் வேண்டுமா?

இன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் ஃபெரெட் ஒரு வீட்டுச் செல்லப் பிராணி. அதற்குத் தண்ணீரைக் கிண்ணத்தில் வைப்பதா, கூண்டுக் கம்பியில் புட்டியாகத் தொங்கவிடுவதா என்று வளர்ப்பவர்கள் மிகுந்த அக்கறையோடு விவாதிக்கிறார்கள். கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்த அற்பக் கேள்விக்குப் பின்னால் 2,000 வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது.

ரோமாபுரிப் பேரரசின் தொடக்க காலத்தில் வாழ்ந்த ஸ்ட்ராபோ என்ற பூகோள ஆசிரியர், ஸ்பெயின் தேசத்தில் முயல்கள் செய்த அட்டகாசத்தை எழுதி வைத்திருக்கிறார். பயிரும் போயிற்று, மரத்தின் வேரும் போயிற்று. அந்த முயல்களை ஒழிக்க, லிபியாவிலிருந்து வந்த ஒருவகைச் சிறு பிராணிகளை வளர்த்து, வாயைக் கட்டி, வளைக்குள் அனுப்பினார்களாம். அவற்றை ஃபெரெட் என்றே பலரும் கருதுகிறார்கள். பலியாரிக் தீவுகளின் மக்களோ முயல்களுக்கு எதிராகப் படை அனுப்பும்படி அகஸ்டஸ் சக்கரவர்த்தியிடமே முறையிட்டார்கள் என்று பிளினி எழுதுகிறார்.

வாயை எதற்காகக் கட்டினார்கள்? ஃபெரெட் வளைக்குள்ளேயே முயலைக் கொன்று தின்றுவிட்டால், அங்கேயே சுருண்டு படுத்துத் தூங்கிவிடும். வெளியில் வலையோடு நிற்பவன் காத்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். ஆகையால் கட்டினார்கள். கட்டிய வாய் கடிக்காது, குடிக்கவும் செய்யாது. இந்த இரண்டாவது விஷயத்தை யாராவது யோசித்தார்களா?

இங்கிலாந்தில் 1390-இல் ஒரு சட்டம் வந்தது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் நிலம் இல்லாத சாமானியன் வேட்டை நாயும் ஃபெரெட்டும் வைத்திருக்கக் கூடாது என்றது அச்சட்டம். யார் வைத்திருக்கலாம் என்று சர்க்கார் அளந்து பார்த்தது. எப்படி வைத்திருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டத்தின் கவலை அல்ல. முயல் கறி பிரபுக்களுக்கு உரியது. முயலைப் பிடிக்கும் பிராணியும் அப்படியே. சட்டம் இருந்தாலும் ஏழைகள் விட்டுவிடவில்லை. பிற்காலத்தில் கோட்டுப் பையில் ஃபெரெட்டை ஒளித்துக்கொண்டு, இரவில் பிரபுவின் தோட்டத்துக்குள் நுழைந்த திருட்டு வேட்டைக்காரர்கள் எத்தனையோ பேர்!

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். இங்கிலாந்தில் அது இரக்க உணர்ச்சி தலையெடுத்த காலம். பிராணிகளை வதைப்பதைத் தடுக்க 1849-இல் வந்த சட்டம், பட்டியில் அடைத்த மாட்டுக்குத் தீனியும் தண்ணீரும் வைக்காதவனுக்கு அபராதம் விதித்தது. 1859-இல் சாமுவேல் கர்னி என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் லண்டன் வீதிகளில் இலவசக் குடிநீர்க் குழாய்கள் வைக்க ஒரு சங்கம் கண்டார். நம் தண்ணீர்ப் பந்தல் போன்ற தர்மம்தான். கோடைக்கு மட்டும் என்றில்லாமல் கல்லில் கட்டி நிரந்தரமாக நிறுத்தினார்கள். 1867-இல் அந்தச் சங்கம் தன் பெயரிலேயே மாட்டுத் தொட்டியையும் சேர்த்துக்கொண்டது. வண்டிக் குதிரைக்கும் சந்தைக்குப் போகும் மாட்டுக்கும் கருங்கல் தொட்டிகள் எழுந்தன. தாழ்வாக, நாய்களுக்கென்றும் சிறு தொட்டிகள் வைத்தார்கள்.

வீதியில் நடமாடிய பிராணியின் தாகம் கண்ணில் பட்டது. கொல்லைப்புறத்து மரக்கூண்டில் கிடந்த ஃபெரெட்டின் தாகம் யார் கண்ணிலும் படவில்லை. அதற்குக் கிடைத்தது ரொட்டியும் பாலும். பாலில் ஊறவைத்த ரொட்டியே ஃபெரெட்டுக்கு உகந்த உணவு என்பது அந்நாட்டில் வெகுகாலம் வழங்கிய நம்பிக்கை. செலவும் குறைவு. பால் கொடுத்த பிறகு தண்ணீர் எதற்கு?

இங்கேதான் விபரீதம். ஃபெரெட் முழுக்க முழுக்க ஊனுண்ணி. அதன் குடல் குட்டையானது. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். மாவுப் பொருள் அதற்குச் சரியாகச் செரிக்காது. பாலில் உள்ள சர்க்கரையோ வயிற்றுப்போக்கை உண்டாக்கும். வயிற்றுப்போக்கு உடம்பிலுள்ள நீரை வெளியேற்றும். தண்ணீருக்குப் பதிலாக அன்போடு ஊற்றிய பால், இருந்த தண்ணீரையும் பறித்துக்கொண்டது! கொடுத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். தங்களுக்கு எது ஊட்டமாகத் தோன்றியதோ அதைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

ஃபெரெட் மனிதனுக்குச் செய்த பேருதவி வேட்டையில் அல்ல, வைத்திய சாஸ்திரத்தில்தான். 1933-இல் லண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெயிட்லா என்ற மூன்று விஞ்ஞானிகள், இன்ஃபுளூயென்ஸா கண்டவரின் தொண்டையைக் கழுவிய நீரை வடிகட்டி ஃபெரெட்டின் மூக்கில் விட்டார்கள். அதற்கும் காய்ச்சல் வந்தது, அதுவும் தும்மியது. மனிதனுக்கு வரும் அந்த நோய்க்கு வைரஸ்தான் காரணம் என்பது அதன் மூலம் தெளிவாயிற்று. 1936-இல் காய்ச்சலோடு இருந்த ஒரு ஃபெரெட், ஸ்டூவர்ட் ஹாரிஸ் என்ற ஆராய்ச்சியாளரின் முகத்திலேயே தும்மி, அவரையும் படுக்கையில் கிடத்தியது. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தாற்போல! இன்றைக்கும் புதிய இன்ஃபுளூயென்ஸா கிருமி ஒன்று தலைகாட்டினால், அதன் குணத்தை அறிய ஃபெரெட்டைத்தான் நாடுகிறார்கள்.

வேட்டைக்காரனிடமிருந்து அது குடும்பத்தின் வரவேற்பறைக்கு வந்துசேர்ந்தது சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 1980-களில் அமெரிக்காவில் அது செல்லப் பிராணியாகப் பரவியது. அதோடு உணவும் மாறியது. முயல் இறைச்சியில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைய நீர்தான். அதைத் தின்ற பிராணிக்குத் தாகத்தில் பாதி தீர்ந்துவிடும். கடையில் வாங்கும் உலர்ந்த தீனியிலோ பத்தில் ஒரு பங்கு ஈரம் இருந்தாலே அதிகம். மிச்சத் தண்ணீர் எங்கிருந்து வரும்? கிண்ணத்திலிருந்துதான் வரவேண்டும். வளர்ந்த ஃபெரெட் ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 75 முதல் 100 மில்லி லிட்டர் குடிக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். அதற்கு வியர்த்து உடம்பைக் குளிரவைக்கும் சக்தியும் போதாது. வெயில் 30 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து.

ஆகவே கிண்ணமா, புட்டியா என்ற விவாதம் விளையாட்டு அல்ல. கிண்ணத்தை வைத்தால் ஃபெரெட் முன்கால்களால் தண்ணீரைத் தோண்டும். கவிழ்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடும். புட்டியைத் தொங்கவிட்டால் சிந்தாது. ஆனால் குழாயின் நுனியிலுள்ள சிறு குண்டு சிக்கிக்கொண்டால், புட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் நாக்குக்கு ஒரு சொட்டு வராது. கனமான பீங்கான் கிண்ணம் ஒன்று, புட்டி ஒன்று, இரண்டையும் வைத்துத் தினந்தோறும் கழுவி மாற்றுவதே நல்லது என்பது அனுபவசாலிகளின் முடிவு.

பண்ணைப் பிராணிகளின் நலனுக்காக இங்கிலாந்தில் ஏற்பட்ட கவுன்சில், 1979-இல் ஐந்து சுதந்திரங்களைப் பட்டியலிட்டபோது பசியிலிருந்தும் தாகத்திலிருந்தும் விடுதலையை முதலில் வைத்தது. 2006-இல் வந்த பிராணி நலச் சட்டம், வளர்க்கும் பிராணியின் தேவையை நிறைவேற்றுவது வளர்ப்பவனின் கடமை என்று வீட்டுக்குள்ளும் புகுந்து சொன்னது.

வேலை வாங்கிய காலத்தில் வாயைக் கட்டினோம். இரக்கம் வந்த காலத்தில் பாலை ஊற்றினோம். அதற்கு என்ன வேண்டும் என்று அதையே பார்த்துத் தெரிந்துகொள்ளும் பொறுமை கடைசியில்தான் வந்தது. நம்மிடம் வேலை செய்கிறவர்கள் விஷயத்திலும் நாம் இதே வரிசையில்தான் நடந்துகொள்கிறோமோ என்னவோ! கிண்ணத்தைக் கழுவித் தண்ணீர் நிரப்ப ஒரு நிமிஷம் போதும். அது தோன்றுவதற்குத்தான் இவ்வளவு காலம் பிடிக்கிறது.